சீழும் இல்லை, ஜுரமும் இல்லை

மெடிக்கல் ஷாப் கவுண்டருக்குப் பின்னால் நின்றவர்களுக்குத் தெரியும்: வருகிறவர்களுக்கு மாத்திரை மட்டும் போதும், கூடவே நாம் கொடுக்கிற பேச்சு வேண்டாம். நான் ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். என்னைப்போல் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

அவசர ஜுரம்

பட்டு நெய்கிற வரதன் அண்ணன் எங்கள் பழைய வாடிக்கை. ஒரு நாள் ஜுரத்தோடு வந்து, சாயங்காலத்துக்குள் இறங்கிவிட வேண்டும் என்றார். வழக்கம்போல ஆரம்பித்தேன். உள்ளே புகுந்த கிருமியோடு உடம்பின் காவல் சண்டை போடுகிறது, அந்தச் சூடுதான் ஜுரம், மாத்திரையைப் போட்டுக்கொண்டு பேசாமல் படுங்கள் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சண்டைய அது போட்டுகினு இருக்கட்டும் மேடம். நான் தறியில ஒக்காரணும்."

பொட்டலத்தில் வந்த பூரிப்பு

தறிக் குழியில் கால் போட்டு மிதித்து மிதித்து அவருக்கு முழங்கால் போயிற்று. சேத்துப்பட்டுப் பக்கம் யாரோ பேப்பரில் மடித்துக் கொடுக்கிற மாத்திரையைச் சாப்பிட்டார். மறுநாளே வலி மாயம். மாதக்கணக்கில் அதையே விழுங்கியவர், ஒரு நாள் பொட்டலத்தைக் கொண்டுவந்து, இதே மாதிரி உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார். பிரித்துப் பார்த்தேன். அதில் ஒன்று ஸ்டீராய்டு.

டாக்டர் பார்த்து அளவாகக் கொடுத்தால் உயிர் காக்கிற மருந்துதான். கண்டபடி சாப்பிட்டால் வலியோடு சேர்த்து உடம்பின் காவலையும் தூங்க வைத்துவிடும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. பெரியாஸ்பத்திரியில் காட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லுங்கள் என்று அவர் மனைவி மல்லிகாவிடமும் சொன்னேன். அந்தம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மாத்திரையால் வரதன் அண்ணனுக்கு முகம் உப்பி வட்டமாகியிருந்தது. அது ஆரோக்கியம் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க கல்யாணத்துல கூட மனுஷன் இம்மாம் பூரிப்பா இல்ல. கண்ணு வெக்காதீங்க மேடம்."

கட்டை விரல்

தறியின் மிதிகட்டையில் சிராய் ஏறி, கால் கட்டை விரலில் புண். பிளாஸ்திரி வாங்க வந்தவரை உட்காரவைத்துப் பார்த்தேன். ஓரம் கறுத்திருந்தது. சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை. நமக்கு முள் குத்தினால் சிவந்து வீங்கிச் சீழ் கட்டுகிறதே, அதெல்லாம் ரத்தத்தில் இருக்கிற காவல் அணுக்கள் ஓடிவந்து வேலை பார்ப்பதன் அடையாளம். இங்கே யாரும் வந்த மாதிரியே தெரியவில்லை. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கெஞ்சினேன். முகூர்த்தப் புடவை தறியில் இருக்கிறது, அறுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றார். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"சீழு இல்ல, ஜுரம் இல்ல, வலியும் இல்ல. இன்னாத்துக்கு மேடம் பயப்படணும்?"

மல்லிகா கேட்ட மாத்திரை

புடவை நல்லபடியாகக் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வரதன் அண்ணன் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியதே பெரிது என்றார்களாம்.

கட்டுத் துணி வாங்க மல்லிகா வந்தபோது என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கே கடையை மூடிவிட்டு, கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றியிருக்கலாமோ என்று மனசு இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது. அந்தம்மா என்னை ஒரு குறையும் சொல்லவில்லை. பஞ்சையும் துணியையும் பையில் வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இல்லாத காலு வலிக்குதுன்னு அழுவுறாரு மேடம். அதுக்கு எதுனா மாத்திரை கீதா?"

வலியை நிறுத்தத்தான் எல்லோரும் எங்களிடம் வருகிறார்கள். கொஞ்சம் வலிக்கட்டும் என்று சொல்லி வியாபாரம் செய்கிற மெடிக்கல் ஷாப் ஆரணியில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் கிடையாது.