மருந்தடிக்கும் வேலையும் ஒரு டம்ளர் பாலும்

1984 அக்டோபர் 13, சனிக்கிழமை, மாலை நாலேகால் மணி. மழை ஓய்ந்து, செம்பனை மட்டைகளிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. நானும் என் மனைவியும் என் தங்கையை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு டாக்சியில் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்குத் திரும்பினோம். அவள் மார்பில் இருந்த கட்டி புற்றுதான் என்று அன்று காலை கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நவம்பர் முதல் வாரத்தில் அறுவைக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள்.

வாசலில் மண்டோர் காத்திருந்தார். தங்கை வேலை செய்த குழுவுக்கு அவர்தான் மேற்பார்வை. கெட்ட மனிதரல்லர், மழையில் நனைந்துகொண்டே ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்திருந்தார்.

"என்னம்மா சொன்னாங்க?"

"அறுக்கணுமாம்."

பழத்தை என் மனைவியிடம் கொடுத்தார். பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். "ஆபீஸ்ல கேக்குறாங்க. நீ வேலைக்கு வராட்டி பேரு போயிடும். பேரு போனா வீடும் போயிடும்லா. ஒம் மவ பேரக் குடுத்தா வீடு அப்படியே நிக்கும். ஆனா மருந்து குழுவுல ஒன் எடம் மட்டுந்தான் காலி. வேற எதுலயும் இப்ப ஆள் எடுக்கல."

களைக்கொல்லியை எங்கள் பக்கத்தில் மருந்து என்றே சொல்வோம். அதை டாங்கியில் ஊற்றி முதுகில் மாட்டிக்கொண்டு, செம்பனை மரங்களின் அடியில் அடித்துப் போவது பெண்களின் வேலை. தங்கையின் கணவர் காலமான பிறகு பதினான்கு வருடம் அவள் அந்த வேலைதான் செய்தாள். ஒரே மகள். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள், பத்தொன்பது வயது.

"நான் போறேன் மாமா," என்றாள் அந்தப் பெண். "மத்த வேலையவிட கூலி கூட."

"நீ போவக் கூடாது," என்றாள் தங்கை.

"ஏம்மா? நீ போனீயே."

"அதனாலதான் சொல்றேன்."

அப்புறம் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தங்கைதான் கேட்டாள். "அண்ணே, நீ படிச்சவன். எனக்கு இது அந்த மருந்தாலதான் வந்துச்சா? ஆமான்னா இவள அனுப்ப மாட்டேன். இல்லன்னா அனுப்பித்தான் ஆவணும், வீடு வேணுமே. நீ சொல்லு."

அறுவை முடியும்வரை தன்னால் தள்ளிப்போட முடியும் என்று மண்டோர் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மூன்று வாரம் கிடைத்தது.

நான் கோல சிலாங்கூரில் தபாலாபீஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். முத்திரைக் கணக்கில் பத்து காசு இடித்தால்கூடத் தூங்காமல் வேலை பார்த்தவன். கேள்வி என்று ஒன்று இருந்தால் விடையும் எங்கேயாவது இருக்கும், தேடாததுதான் குறை என்று நினைத்திருந்தேன். ஆகவே தேடக் கிளம்பினேன்.

முதலில் ஊரைக் கேட்டேன். ஊரிலே விடைக்குப் பஞ்சமே இல்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் என் பழைய சகா ஒருவர் சிகரெட்டை வாயிலிருந்து எடுக்காமலே, "எல்லாம் அந்தச் சுவைத்தூள்தான். இப்ப எந்தக் கொழம்புலதான் அது இல்ல? நம்ம உடம்பைக் கெடுத்ததே அதுதான்," என்றார். புகை என் கண்ணில் பட்டது. மளிகைக் கடை முதலாளியான தவுக்கே, ஒரு சீனப் பெரியவர், மலாயும் தமிழும் கலந்து, உடம்புச் சூடு என்றார். டுரியான் பழம் சாப்பிட்டுவிட்டு உடனே குளித்தால் வரும் என்றார். சுங்கை பஞ்சாங்கில் நெல் போடும் மனைவியின் அண்ணன், வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்து அரிசிக்குள் இறங்குகிறது என்றார். அதைச் சொல்லிவிட்டு எங்களுக்கென்று ஒரு மூட்டை புது அரிசியும் கொடுத்தனுப்பினார்.

என் மனைவி கருவாட்டைச் சந்தேகித்தாள். ஜெராமிலிருந்து வாங்கிவரும் கருவாடு தங்கை வீட்டில் தினமும் உண்டு. யாரோ எதிலோ படித்தார்களாம். சுவைத்தூளையும் புது அரிசியையும் ஏற்கெனவே நிறுத்தியிருந்த நான், அன்றே எங்கள் வீட்டில் கருவாட்டையும் நிறுத்தினேன். மூன்றாம் நாள் நானே, "இன்னிக்கி என்ன கொழம்பு?" என்று கேட்டேன்.

"நீங்க நிறுத்தினது போக மிச்சம் இருக்கறது கீரையும் சுடுதண்ணியுந்தான். கீரைக்கு மருந்து அடிக்கிறான்னா அதையும் சொல்லிடுங்க. சுடுதண்ணியோட நின்னுடலாம்."

அடுத்தபடி எண்ண ஆரம்பித்தேன். அது எனக்குத் தெரிந்த வித்தை. லயத்தில் வீடு வீடாகப் போய், இங்கே யாருக்காவது இந்த நோய் வந்ததா, அவர் என்ன வேலை செய்தார், என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். மருந்து அடித்தவர்களிடம் அதிகமாகவும் மற்றவர்களிடம் குறைவாகவும் இருந்தால் விடை கையில் வந்துவிடும் என்பது என் எண்ணம்.

நான்கு பேர் கிடைத்தார்கள். இருவர் மருந்து அடித்த பெண்கள். ஒருவர் ஆபீசில் கூட்டிப் பெருக்கியவர். மருந்தடிக்கும் காட்டில் கால் வைத்ததே இல்லை. நான்காமவர் லோரி ஓட்டியவர், ஓயாமல் வெற்றிலை புகையிலை போட்டவர். இரண்டுக்கு இரண்டு. இதை வைத்துக்கொண்டு என்ன சொல்வது?

"அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது சார்?" என்று எல்லா வீட்டிலும் சொன்னார்கள். அந்தக் காலத்திலேயே தோட்டத்துக்கு வந்த ஒரு அம்மாள் மூன்றாவது வரிசையில் இருந்தார். அவரும் அதையே சொன்னார்.

"உங்க அம்மா எதனால செத்தாங்க?" என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"மார்ல ஒரு புண்ணு. ஆறவே இல்ல. பக்கத்துல போவ முடியாது, அப்படி ஒரு நாத்தம். வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் போட்டோம்."

"அதுக்கு என்ன பேரு சொன்னாங்க?"

"பேரா? புண்ணுன்னுதான் சொன்னோம். செத்ததுக்கப்புறம் யாரு பேரு கேட்டா?"

நான் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த அம்மாவின் தாய் காலத்தில் களைக்கொல்லியே கிடையாது; மண்வெட்டியால் கொத்தினார்கள். சுவைத்தூள் இல்லை. டின் மீன்கூட இல்லை. நோய் மட்டும் இருந்திருக்கிறது, பெயரில்லாமல். அப்படியானால் இப்போது கூடிப்போனது நோயா, அல்லது எக்ஸ்ரேயும் டாக்டரும் வந்து பெயர் வைப்பது கூடிப்போனதா? முன்பு நாற்பது வயதில் காய்ச்சலில் போனவர்கள் இப்போது அறுபது வயதுவரை இருந்து இந்த நோயைப் பார்க்கிறார்களா? அல்லது இரண்டும்தானா? எண்ணிக்கையில் சேர்க்க வேண்டிய பழைய சாவுகளுக்கெல்லாம் வயிற்றுக் கட்டி, தொண்டைப் புண், சூடு, செய்வினை என்றுதான் பெயர் இருந்தது. அதை எப்படி எண்ணுவது? மூன்று வாரத்தில் இரண்டு வாரம் போய்விட்டது. எனக்கு விடை கிடைக்கவில்லை. கேள்விதான் பெரிதாகிக்கொண்டே போயிற்று. ஒருவிதத்தில் அது சுவாரசியமாகவும் இருந்தது. தங்கை படுத்திருக்கிற நேரத்தில் அப்படி நினைப்பது சரியா என்று வேறு கவலைப்பட்டேன்.

கடைசியாகத் தங்கையோடு வேலை செய்த பெண்களைப் பார்க்கப் போனேன். வேலை முடிந்து மருந்துக் கொட்டகை வாசலில் வரிசையாக நின்றார்கள். தோட்டத்தில் மருந்து அடிப்பவர்களுக்குத் தினமும் ஒரு டம்ளர் பால் கொடுப்பார்கள். பால் விஷத்தை முறிக்கும் என்று. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அது நெடுநாள் வழக்கம். எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், யாரும் அதைப் பற்றி இரண்டாவது தடவை யோசித்ததில்லை.

ஒரு பெண் பாலைக் குடிக்காமல் போத்தலில் ஊற்றிக்கொண்டாள். "புள்ளைக்கி சார்," என்றாள். இன்னொருத்தி டம்ளரை வாங்கியபோது அவள் விரலைப் பார்த்தேன். இரண்டு நகம் கறுத்து, அடியிலிருந்து கழன்று நின்றன.

"இது என்னம்மா?"

"மருந்து பட்டா அப்படித்தான் சார். விழுந்து வேற மொளைக்கும். சில நாளு மூக்குல ரத்தம் வரும். எல்லாருக்கும் உண்டு."

"கையுறை குடுக்கலியா?"

"குடுத்தாங்க. யாரு மாட்டுவா? வேர்த்துக் கொட்டுது. மூக்குத் துணியும் அப்படித்தான், மூச்சு முட்டுது. அதான் பால் குடிக்கிறோம்ல," என்றாள். பக்கத்தில் நின்றவள், "சாருக்கும் ஒரு டம்ளர் குடுங்கடி, நம்ம பக்கத்துல நிக்கிறாரு, ஏறிடப் போவுது," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

தங்கையை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று வார்டில் ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தார். தமிழ் பேசினார். அவசரத்தில் இருந்தார், இருந்தாலும் விடாமல் கேட்டேன். நான் எண்ணிய நான்கு பேரையும், கருவாட்டையும், சுவைத்தூளையும், பெயரில்லாத பழைய சாவுகளையும் சொன்னேன். இப்போது நினைத்தால் பாவம் அந்தப் பெண்.

"ஐயா, லோரிக்காரர் விஷயத்துல புகையிலைன்னு தைரியமா சொல்லுவேன்," என்றார். "உங்க தங்கச்சிக்கு எதனால வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. மருந்தா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நாலு பேர எண்ணி யாராலயும் சொல்ல முடியாது. பெரிய அளவுல, பல வருஷம் பார்க்கணும்."

"அப்ப பால் குடிச்சா?"

"என்ன பால்?"

சொன்னேன். அவருக்கு அந்த வழக்கமே தெரியவில்லை. "தோல்ல பட்டதுக்கும் மூச்சுல போனதுக்கும் வயித்துல ஊத்துற பால் என்ன பண்ணும்? அந்த நெனப்புலயா கையுறை போடாம இருக்காங்க?" என்று கேட்டார். நகத்தையும் மூக்கு ரத்தத்தையும் சொன்னேன். "அதுக்கு என்ன காரணம்னு கேட்டிருந்தா இவ்வளவு நேரம் பேசியிருக்கவே வேணாம். அது மருந்துதான்."

நான் தங்கையின் கட்டிலுக்குத் திரும்பினேன். மனைவியும் தங்கை மகளும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஆரம்பத்திலிருந்து விளக்கினேன். இது ஒன்று, அது ஒன்று, இன்னும் தெரியாதது இவ்வளவு, இன்னும் கொஞ்சம் கால அவகாசம் இருந்தால் சுங்கை பஞ்சாங் பக்கமும் போய் விசாரிக்கலாம் என்று.

தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள். "அண்ணே, நீ கண்டுபிடிக்கிறதுக்குள்ள இவ கெழவி ஆயிடுவா."

மகள் சிரித்தாள். பக்கத்துக் கட்டில் பெண்ணும் சிரித்தாள்.

"நகம் போறது மருந்தாலன்னு டாக்டரு சொல்லிட்டாங்கல்ல?" என்றாள் தங்கை.

"அது சொல்லிட்டாங்க. ஆனா புத்து..."

"புத்து கெடக்கட்டும். நகத்தப் புடுங்குறது உள்ள போயி என்னதான் செய்யாது? பால் இருக்குன்னுதான் நான் கையுறைய ஆணியில மாட்டி வெச்சேன். இவளும் அப்படித்தான் மாட்டி வெப்பா. எனக்கு அது போதும். வீடு போனா போவட்டும்."

"போனா எங்கம்மா இருக்கிறது?" என்றாள் மகள்.

நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி சொன்னாள். "பின்னாடி சமையக்கட்டை ஒட்டி எடம் இருக்கு. பத்துக்குப் பன்னண்டடி ரூம் ஒண்ணு போடலாம். உங்க மாமா ஊரச் சுத்திக்கிட்டிருந்தப்ப நான் அளந்து பாத்துட்டேன்."

அறுவை நல்லபடியாக நடந்தது. மண்டோரிடம் நானே போய் வீட்டைக் காலி செய்வதாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "என் மருமவளும் அந்தக் குழுவுலதான் இருக்கா," என்று மட்டும் சொன்னார். பால் விஷயத்தை அவரிடம் சொன்னேன். அந்தப் பெண்களிடமும் சொன்னேன். சிலர் கையுறை போட்டார்கள். வெயில் ஏறினால் கழற்றினார்கள்.

அறை வேலை நடக்கும்போதே தங்கை மகளுக்கு ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. விடியுமுன்பே கம்பெனி பஸ் வரும். முதல் மாதச் சம்பளத்தோடு வந்தபோது அவள் சட்டையில் ஒரு நெடி அடித்தது. பசையா, பெயிண்டா என்று தெரியவில்லை.

"அங்க எதம்மா தொடுறீங்க?"

"மாமா, ஆரம்பிச்சிட்டீங்களா?"

"சும்மா கேட்டேன்."

"டப்பாவுல பேரு இருக்கும். பாத்துட்டு வந்து சொல்றேன், போதுமா?" பார்த்து வந்து சொல்லவும் செய்தாள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கையுறையும் மூக்குத் துணியும் கழற்றுவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறாள்.

கூரைக்கு இரும்புச் சாமான் கடைத் தவுக்கே அஸ்பெஸ்டாஸ் ஓடு போடச் சொன்னார். மலிவு, அறை குளிர்ச்சியாக இருக்கும், ஊரில் எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள் என்றார். அதன் தூள் நுரையீரலுக்கு ஆகாது என்று நான் பத்திரிகையில் படித்திருந்தேன். கூரையில் சும்மா கிடக்கிற ஓட்டிலிருந்து தூள் வருமா, அறுக்கும்போது மட்டும்தான் வருமா என்று கேட்டேன். "ஐயோ சார், அது ஓடுலா, மாவு இல்ல," என்றார். அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வழக்கமாக நான் அதையும் மூன்று வாரம் விசாரித்திருப்பேன். அன்றைக்கு விசாரிக்கவில்லை. தகரத்தைக் காட்டி, அதையே ஏற்றச் சொன்னேன்.

ஐந்து வருடம் ஆகிவிட்டது. மத்தியான வெயிலில் அந்த அறை அடுப்பு மாதிரி காய்கிறது. தங்கை அங்கே இருக்கமாட்டாமல் எங்கள் கூடத்தில் வந்து, அறுவைக்குப் பிறகு வீங்கிப்போன வலது கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்துக்கொண்டு, தகரம் வாங்கிய என்னைத் திட்டுகிறாள். பலகை, சிமெண்டு, தச்சன் கூலி, ஓட்டுக்கும் தகரத்துக்கும் உள்ள வித்தியாசம் நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி, எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு இரண்டாயிரத்து நானூற்று அறுபத்தேழு வெள்ளி முப்பது காசு.