பெரட்டு முடிந்தபின் வந்தவள்

மணி

இன்று வாசலில் ‘சமுதாயக் கல்லூரி’ என்று பெரிய போர்டு இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் வயரிங் வாத்தியாராகச் சேர்ந்தபோது கொடைக்கானலில் அது ஒரு தகர ஷெட். பெயர் ‘பயிற்சி நிலையம்’. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளைத்தான் காணோம்! முதல் வாரம் பெஞ்சு நிறைய இருந்தார்கள். மழையும் மூடுபனியும் பிடித்துக்கொண்டதும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

நிர்வாகி செபஸ்தியான் கறாராகச் சொல்லிவிட்டார்.

“இந்த மாசத்துக்குள்ள பெஞ்சு நெறையலைன்னா பூட்டிர வேண்டியதுதான், வாத்தியாரே. படிக்க இஷ்டமில்லாதவங்களுக்காக நமக்கெதுக்கு இந்தச் சோலி?”

மதுரையில் இருந்த வேலையை விட்டுவிட்டு இந்தக் குளிருக்கு வந்தவன் நான். சுருக்கென்றது.

வாசல்

ஒரு காலை, மணி அடித்துப் பாடம் நடந்துகொண்டிருந்தது. வகுப்பிலேயே கெட்டிக்காரியான கமலா கேட் வரைக்கும் வந்தாள். நனைந்த தலையோடு கொஞ்சம் நின்றாள். பிறகு வந்த வழியே திரும்பி நடந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டெஸ்டரைப் போட்டுவிட்டு ஓடினேன்.

“ஏம்மா, வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறியே, வெளையாட்டா இருக்கா?”

“மணி அடிச்சிருச்சே சேர். பெரட்டு முடிஞ்சிருச்சு.”

“அதென்ன பெரட்டு?”

“தோட்டத்துல வெள்ளனே ஆளெல்லாம் வரிசையா நிப்பாங்க. கங்காணி பேர் போட்டு வேலைக்கு அனுப்புவாரு. அதுதான் சேர். பிந்திப் போனா அன்னைக்கு வேலை இல்ல, வெரட்டிருவாங்க. பஸ்சு லேட்டு. வெரட்டு வாங்குறதுக்கு முன்னாடி நாமளே போயிரலாம்னுதான்...”

“மத்தவங்களும் இப்படித்தானா?”

“எல்லாருந்தான். பாதி வழியிலயே திரும்பிருவோம்.”

அட கடவுளே! இவர்களுக்கா படிக்க இஷ்டமில்லை?

அவளைக் கையோடு நிர்வாகியிடம் அழைத்துப்போனேன். “சார், மொதல்ல அந்த மணியக் கழட்டுங்க. பஸ் வந்தப்புறம் ஆரம்பிக்கிறேன். பிந்தி வர்றவங்களுக்குத் திருப்பி நடத்துறது என் பாடு.”

“மணி இல்லாம வகுப்பாய்யா?” என்று முனகினார். ஆனாலும் கமலாவின் ஈரத் தலையைப் பார்த்தபின் மறுக்கவில்லை.

கமலா குடியிருப்பில் வீடு வீடாகச் சொன்னாள். மாதம் முடியுமுன் பெஞ்சு போதவில்லை. செபஸ்தியானே தச்சரைக் கூப்பிட்டார். பிறகு தையல் வந்தது, பிளம்பிங் வந்தது, பக்கத்தில் இன்னொரு ஷெட்டும் எழும்பியது.

புதிதாக வேலைக்கு வரும் வாத்தியார்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆள் வரவில்லை என்றால், வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

எண்பதுகள் முடிவதற்குள் கமலாவே அங்கே வயரிங் நடத்தினாள். ஒருநாள் மேல்மலைக் கிராமமான பூண்டியிலிருந்து தாமதமாக வந்த பெண் கேட் அருகே தயங்கி நின்றாள். நான் எழுவதற்குள் உள்ளிருந்து கமலாவின் குரல் கேட்டது.

“ஏய், ஏன் அங்கயே நிக்கிற? இங்க பெரட்டெல்லாம் இல்ல, வெரசா வா!”

பூண்டிப் பெண்ணுக்குப் பெரட்டு என்றால் என்னவென்றே தெரியாது. உள்ளே ஓடி வந்தாள்.