அம்மாவும் மச்சாளும் பிய்த்த பாண்

காலமான அப்பாவின் பழைய வேட்டியொன்றை அயர்ன் பண்ணும் மேசை மேல் விரித்து, அதில் பேக்கரிப் பாண் துண்டுகளைப் பரப்பிவிட்டு, பின்வளவில் கதிரை போட்டு அம்மா காவல் இருப்பார். எங்கள் குவேக்கர்ஸ் ஹில்லின் டிசம்பர் மாதக் கோடை வெயிலில் பாண் மத்தியானத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். அது வேலியில் வந்து குந்தும் வெள்ளைக் கொக்கட்டூக் கிளிகளுக்கும் தெரியும். கையில் விளக்குமாற்றுடன் அம்மா அவற்றுடன் கதைத்துக்கொண்டிருப்பார். குசினி யன்னலுக்குள் நின்று அதைப் பார்த்துச் சிரிக்கிறவர் மச்சாள். நத்தார் பண்டிகைக்கு முதல்நாள் என்றால் எனக்கு இப்போதும் இதுதான் நினைவுக்கு வருகிறது.

மச்சாள் என்று நான் சொல்வது அண்ணாவின் முதல் மனைவியை. மலைக்கு அப்பால் டபோவில் செம்மறி ஆட்டுப் பண்ணை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். அண்ணா படித்து முடித்து முதல் வேலைக்குப் போன இடத்தில் சந்தித்திருக்கிறார்கள். அவரை முதன்முதல் வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, பெயர் சொல்லிக் கூப்பிடட்டா என்று தங்கையான நான் ஆங்கிலத்தில் கேட்டேன். "உங்கள் மொழியில் அண்ணாவின் மனைவிக்கு ஒரு சொல் இருக்கும்தானே, அதைச் சொல்லு" என்றார். சொன்னேன். 'மச்சல், மச்சல்' என்று நாலைந்து தரம் சொல்லிப் பார்த்து, கடைசியில் அந்த 'ள்'ஐயும் பிடித்துவிட்டார். அதற்குப் பிறகு அவரது பெயர் எங்கள் வீட்டில் புழங்கவில்லை.

நாங்கள் சைவக்காரர். மேய்ஸ் ஹில் முருகனைப் பார்க்காமல் அம்மாவுக்கு ஒரு கிழமை கழியாது. ஆனால் நத்தார் அன்று இந்த நாடே கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட உட்காரும்போது நாங்கள் மட்டும் என்ன செய்வது? மச்சாள் வருவதற்கு முன்பு அன்றைக்கு எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறியும் சோறும்தான். அவர் வந்த முதல் வருடம், தன் தாய் நத்தாருக்குச் செய்கிற ஸ்டஃபிங்கைத் தானும் செய்யப்போவதாகச் சொன்னார். பாணையும் இறைச்சியையும் சேர்த்துக் கோழிக்குள் அடைக்கிற கலவை என்று நான் அம்மாவுக்கு விளக்கினேன். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து மச்சாளுக்கே விளங்கிவிட்டது. மாடும் வேண்டாம், பன்றியும் வேண்டாம் என்று கோழிச் சொசேஜ் வாங்கி வந்தார். கோழிக்குள் அடைக்காமல் தனியாகத் தட்டத்தில் போட்டு வேகவைத்தால் மேலே முறுகலாக வரும் என்றும் சொன்னார்.

மச்சாள் சொசேஜின் தோலைக் கீறி உள்ளே இருப்பதைப் பிதுக்கி எடுத்ததும் அம்மா குசினியை விட்டு வெளியே போய்விட்டார். குடல் போன்ற அந்தத் தோலைப் பார்க்கவே அவருக்கு அருவருப்பு. வெண்ணெயில் வெங்காயமும் செலரியும் வதங்கி, சொசேஜ் உதிர்ந்து சிவந்து, சேஜ் என்கிற சாம்பல் நிறப் பச்சிலையை மச்சாள் அரிந்து போட்ட பிறகுதான் திரும்பி வந்தார். இலையொன்றை எடுத்து மோந்து பார்த்தார். "இது எங்கட கற்பூரவள்ளிக்கு ஏதோ சொந்தம்" என்றார். பிறகு, யாரிடமும் கேட்காமல், நாலு பச்சை மிளகாயை அரிந்து சட்டிக்குள் போட்டார். மச்சாள் ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டுக் கிளறத் தொடங்கினார். காய்ந்த பாணைக் கொட்டி, கோழி அவித்த தண்ணீரை ஊற்றி, முட்டை அடித்துச் சேர்த்து, மின்னடுப்புக்குள் வைத்தார்கள். அந்த மின்னடுப்பை அம்மா போறணை என்றுதான் சொல்வார். போறணைக் கண்ணாடிக்கு முன்னால் இரண்டு பேரும் குந்தியிருந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நல்ல ஞாபகம். அடுத்த வருடங்களில் டபோவில் மச்சாளின் தாயும் பச்சை மிளகாய் போடத் தொடங்கிவிட்டார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் கடைக்குப் போய் வரும் அளவுக்குத்தான். மச்சாளுக்குத் தமிழ் அதைவிடக் குறைவு. ஆனாலும் பாண் பிய்க்க உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் கதை ஓயாது. கத்தியால் வெட்டக் கூடாது, கையால் பிய்த்தால்தான் ஓரங்கள் முறுகும் என்பது மச்சாளின் கட்டளை. அம்மா தமிழில் சொல்வார், அவர் ஆங்கிலத்தில் பதில் சொல்வார். சில வேளை இருவரும் வேறு வேறு விஷயம் கதைத்துக்கொண்டிருப்பார்கள். நான் இடையில் போய்த் திருத்தியதில்லை.

ஒரு ஆடி மாதத்தில் அவர்களுடைய குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. உயிர் இல்லாமல் பிறந்தது. அதற்கு முன்பு பல வருடம் மருத்துவம் பார்த்து, இனி இல்லை என்று விட்டபிறகு தங்கிய குழந்தை. ஆஸ்பத்திரியில் அதைத் துணியில் சுற்றி அம்மாவின் கையில் கொடுத்தார்கள். அம்மா அதன் நெற்றியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அண்ணா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வருடம் நத்தார் வேண்டாம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். முதல்நாள் காலையில் மச்சாள் வழக்கம்போலக் கடைப் பைகளோடு வந்து இறங்கினார். பாண் பிய்த்தார்கள். அன்றைக்குக் கதை இல்லை. பிறகு மச்சாள் சொசேஜ் ஒன்றைக் கையில் எடுத்தார். கத்தி நுனியை அதில் வைத்தவர் கீறாமல் அப்படியே நின்றார்.  அம்மா எழும்பிப் போய்க் கத்தியை வாங்கினார். "நீ இரு பிள்ளை" என்றார். தோலை உரித்து, அந்தப் பச்சை இறைச்சியைத் தன் விரல்களாலேயே பிதுக்கி எடுத்தார். ஒவ்வொன்றாக, எல்லாவற்றையும்.

மச்சாள் கதிரையில் இருந்தபடி என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்: "பிள்ளை என்றால் குழந்தைதானே?" கர்ப்பமாக இருந்த மாதங்கள் முழுக்க அந்தச் சொல்லை அவர் அந்த ஒரு அர்த்தத்தில்தான் கேட்டிருக்கிறார். பிள்ளை எப்படி இருக்கு, பிள்ளை உதைக்குதா என்று. அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "நீயும் பிள்ளைதான்." நான் மொழிபெயர்க்கவில்லை. தேவை இருக்கவில்லை. மச்சாள் மேசையில் தலையைக் கவிழ்த்து, குழந்தை பிறந்த பிறகு முதல் தடவையாக, சத்தம் வர அழுதார்.

அதற்கு அடுத்த நத்தார்களும் வந்தன. ஆனால் அண்ணாவும் மச்சாளும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதவர்களாகிவிட்டார்கள். சண்டை இல்லை, மூன்றாம் ஆள் இல்லை. ஒருவரின் முகத்தைப் பார்த்தால் மற்றவருக்கு அந்த ஆஸ்பத்திரி அறைதான் தெரிந்திருக்க வேண்டும். பிரியப்போவதை மச்சாளே வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்டார். அவர் போன பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "செத்துப்போனா அழலாம். இதுக்கு எப்பிடி அழுறது?"

மச்சாள் டபோவுக்குத் திரும்பிப் போனார். கொஞ்சக் காலம் நானும் அவரும் தொலைபேசியில் கதைத்தோம். ஒவ்வொரு அழைப்பும் இரண்டு பேரும் பேச முடியாமல் போவதில் முடிந்தது. பிறகு பிறந்தநாளுக்கு ஒரு குறுஞ்செய்தி, அவ்வளவுதான். அண்ணா மறுபடியும் கலியாணம் கட்டினார். வவுனியாவிலிருந்து வந்த பெண், அமைதியானவர், அம்மாவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார். ஒரு மகனும் பிறந்தான். நத்தாருக்கு அவர் புரியாணி செய்வார், நன்றாக இருக்கும். அம்மா ரசித்துச் சாப்பிடுவார். பாணைப் பற்றி எவரும் வாய் திறந்ததில்லை.

போன வருடம் அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று கண்டபோது மிகவும் பிந்திவிட்டது. வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அருகில் இருந்தேன். கஞ்சி, சூப், இளநீர், எதைக் கொடுத்தாலும் தலையைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் தானாகவே கேட்டார்: "அந்தப் பாண் செய்து தாறியோ?" நான் செய்தேன். எல்லாம் பார்த்துப் பழகியதுதானே என்று நினைத்தேன். ஒரு கரண்டி வாயில் வைத்தவர் மெல்ல வெளியே எடுத்துவிட்டார். "இது வேற" என்றார்.

அன்று பின்னேரம் நான் டபோவுக்கு அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.  "பாண் அங்கே இருக்கிறதா, நான் வாங்கி வரவா?" என்று மச்சாள் கேட்டார். அண்ணாவிடமும் சொன்னேன். "வரட்டும். நான் நிண்டால் அவளுக்குக் கஷ்டம்" என்று சொல்லி, மச்சாள் வந்த அந்தச் சனிக்கிழமை அண்ணா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

மலையைத் தாண்டி, அரைநாள் தனியாகக் காரோட்டி வந்தார் மச்சாள். முடி பாதி நரைத்திருந்தது. குளிர்காலம் என்பதால் பாணைப் போறணையிலேயே காயவைத்தார். அம்மாவின் கட்டிலை அறை வாசலுக்குத் தள்ளிவிட்டோம், குசினி தெரியும்படி. மச்சாள் மடியில் தட்டத்தை வைத்துக்கொண்டு பாண் பிய்க்க, அம்மா அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சேஜ் மணம் வீடு முழுக்க எழும்பியபோது அம்மா மூக்கை ஒருமுறை நன்றாக இழுத்தார். இரண்டு கரண்டி சாப்பிட்டார். மூன்றாவதை வாங்காமல், மெல்லிய குரலில், "உப்புக் காணாது, பிள்ளை" என்றார்.

"ஓம் அம்மா" என்றார் மச்சாள். எழும்பிக் குசினிக்குப் போய் உப்புப் போத்தலைப் பிடித்தபடி முதுகைக் காட்டி நின்றார். திரும்பி வர வெகுநேரம் எடுத்தது. அதற்குள் அம்மா நித்திரையாகிவிட்டார்.

அந்த மாதமே அம்மா போய்விட்டார். உறவினர்கள் மரண அறிவித்தல் எழுதினார்கள். பிள்ளைகள், மருமகள், பேரன் என்று எங்கள் வழக்கப்படி எல்லாரின் பெயரும் அதில் வந்தது. மச்சாளை எழுதுவதற்கு அதில் ஒரு சொல் இல்லை. அண்ணா அதை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தகன மண்டபத்தில் மச்சாள் கடைசி வரிசையில், ஓரமாக உட்கார்ந்திருந்தார். கடுநீலச் சட்டை. ஐயர் மந்திரம் சொல்லி முடித்து, வாய்க்கரிசி போடக் குடும்பத்துப் பெண்களை வரச் சொன்னார். நான் போட்டேன். அண்ணாவின் இப்போதைய மனைவி போட்டார். போட்டுவிட்டு, தனக்கு மச்சாளான என் காதருகில் குனிந்து, "அவவையும் கூப்பிடுங்கோ மச்சாள்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் அந்த இருக்கை வெறுமையாக இருந்தது. பிறகு பெட்டியை மூடினார்கள்.

எல்லாம் முடிந்து நான் வெளியே ஓடியபோது அவர் காருக்குள் இருந்தார். யன்னலை இறக்கினார். "ஏன் எழும்பி வந்தீங்கள்?" என்று கேட்டேன். "பெண்கள் எல்லாரும் எழும்பினார்கள். நான் எழும்ப வேண்டுமா, இருக்க வேண்டுமா என்று தெரியவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "நான் அங்கே யார் என்று எனக்குத் தெரியவில்லை."

 அப்போதுதான் அண்ணா வருவதைக் கண்டேன். வேட்டியுடன், வெறுங்காலோடு, வலது கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். பிரிந்த பிறகு அவர்கள் இருவரையும் அருகருகே நான் காண்பது அதுதான் முதல்முறை. அண்ணா குனிந்து, யன்னல் ஓரத்தில் இருந்த மச்சாளின் கையைத் திருப்பி, தன் கையில் இருந்ததை அதற்குள் கொட்டினார். வாய்க்கரிசித் தாம்பாளத்தில் மிஞ்சிய அரிசி.

மச்சாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். அம்மாவின் பெட்டி உள்ளே போய்விட்டது. இனி அதைப் போட ஒரு வாய் இல்லை. "தெரியேல்ல" என்றார் அண்ணா, தமிழில். பிறகு கார்க் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழத் தொடங்கினார். மகளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர். மச்சாள் அரிசி இருந்த கையை மூடிக்கொண்டு, மற்றக் கையை அவருடைய தலையில் வைத்தார்.