மிகப் பழமையான மலைக்கு இரண்டு மதிப்பெண்

விருத்தாசலம் என்றால் பழைய மலை என்று பொருள். ஊரில் மலை இல்லை. வெளியூரிலிருந்து கோயிலுக்கு வருகிறவர்கள் ஜங்ஷனில் இறங்கி, மலை எந்தப் பக்கம் என்று ஆட்டோக்காரரிடம் விசாரிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். "சாமிதாங்க மலை, ஏறுங்க போவலாம்" என்பார் ஆட்டோக்காரர். உலகில் வேறெந்த மலையும் தோன்றுமுன் சிவன் இங்கே மலையாக நின்றார் என்பது தலபுராணம். எனக்குப் பிடித்த கதைதான். கோயில் பிரகாரத்தில் யார் சொன்னாலும் நின்று கேட்பேன். அதற்கு மதிப்பெண் போட ஆரம்பித்தபோதுதான் எனக்கும் அந்தக் கதைக்கும் சிக்கல் வந்தது.

என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு, ஊரிலுள்ள ஒரு தனியார் பள்ளியில். ஜூன் மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. 'வாழ்வியல் நெறி' என்று புதிய பாடம். வாரம் இரண்டு பீரியடு. 'இது மதக் கல்வி அல்ல, மனக் கல்வி' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். இருபது வருடம் செய்தித்தாளில் பிழை திருத்தியவன் நான். இன்னது அல்ல என்று ஒரு அறிக்கை தானாகவே முன்வந்து சொன்னால், அது அதுதான். கடைசி வரி சிறிய எழுத்தில் இருந்தது: மதிப்பெண்கள் மொத்தத்தில் சேர்த்துக்கொள்ளப்படும்.

புத்தகத்தையும் பார்த்தேன். அட்டை முழுக்கக் கோபுரம். கீழே இரண்டு மூலைகளில் தபால்தலை அளவுக்கு ஒரு சர்ச், ஒரு பள்ளிவாசல். உள்ளே அந்தத் தபால்தலை அளவு இடம்கூட அவற்றுக்கு இல்லை. அறுபத்து நான்கு பக்கத்தில் முப்பத்தொரு எழுத்துப் பிழை. எண்ணினேன், தொழில் பழக்கம்.

யார் நடத்துவது என்ற கேள்விக்குப் பள்ளி கண்ட விடை எளிமையானது. டைம் டேபிளில் யாருக்குப் பீரியடு குறைவோ அவர். அது சமூக அறிவியல் ஆசிரியை. ஆக, செவ்வாய்க்கிழமை காலையில் புவியியல் நடத்தியவரே, மதியம் அதே பிள்ளைகளுக்குப் புராணமும் நடத்தினார்.

காலாண்டுத் தேர்வு வந்தது. அந்தப் பள்ளியில் காலாண்டு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பைப் பிரிப்பார்கள். மொத்த மதிப்பெண்ணில் முதல் நாற்பது பேர் ஏ செக்‌ஷன், மற்றவர்கள் பி. ஏ செக்‌ஷன் பிள்ளைகளுக்குத்தான் பதினொன்றாம் வகுப்பில் முதல் குரூப் என்பது எழுதப்படாத விதி. என் மகளுக்கு அந்தக் குரூப் வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் கேட்கும் ஒரே விஷயம் அதுதான்.

அவள் நாற்பத்தொன்றாவதாக வந்தாள். ஒரு மதிப்பெண் வித்தியாசம்.

விடைத்தாள்களை மேசையில் பரப்பினேன். சமூக அறிவியலில் ஒரு கேள்வி: இந்தியாவின் மிகப் பழமையான மலைத்தொடர் எது? ஆரவல்லி என்று எழுதியிருந்தாள். இரண்டு மதிப்பெண். வாழ்வியல் நெறியில் ஒரு கேள்வி: மிகப் பழமையான மலை எது? அங்கும் ஆரவல்லி. சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி; பக்கத்தில் 'பழமலை' என்று திருத்தம். இரண்டு தாளிலும் ஒரே கையெழுத்து, ஒரே பேனா.

"ஏன் இங்கயும் ஆரவல்லின்னு எழுதுன?"

"அதான கரெக்டு?"

சமூக அறிவியல் தாளில் பழமலை என்று எழுதிய பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்கு அங்கே பெருக்கல் குறி. இந்த ஊர்ப் பிள்ளைகள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

அன்று மாலை மகளின் தோழி வீட்டுக்கு வந்திருந்தாள். மங்கலம்பேட்டையிலிருந்து பள்ளி பஸ்ஸில் வருகிற முஸ்லிம் பெண். வாழ்வியல் நெறியில் நூற்றுக்கு நூறு, பள்ளியிலேயே முதல். நான் ஆச்சரியப்பட்டதைக் கண்டு அவள் ஆச்சரியப்பட்டாள்.

"எல்லாம் மனப்பாடம் அங்கிள். கெமிஸ்ட்ரி ஃபார்முலா மாதிரிதான்."

"வூட்டுல ஒண்ணும் சொல்லலியாம்மா?"

"அம்மா கேட்டாங்க. மார்க்குக்குத்தான்னு சொன்னேன், சரின்னுட்டாங்க. நான் மதரஸாவுல தனியா ஓதுறேன். இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. கலக்கக் கூடாது அங்கிள். இவ கலக்கிட்டா."

"போடி" என்றாள் என் மகள்.

மறுநாள் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். தாளாளர் செராமிக் யூனிட் வைத்திருப்பவர். பீங்கான் ஃபியூஸ் செய்கிறார். நல்ல சரக்கு என்று பெயர். நாற்காலி காட்டினார், டீ வரவழைத்தார், நான் வாய் திறக்குமுன் அவரே ஆரம்பித்தார்.

"பாத்தீங்களா சார், பாய் வூட்டுப் பொண்ணு நூத்துக்கு நூறு! இதுதான் சார் நம்ம பாடத்தோட வெற்றி. பிள்ளைங்க களிமண்ணு மாதிரி. சூளையில வெக்கறதுக்கு முன்னாடியே வடிவம் குடுத்துடணும்."

நான் இரண்டு தாள்களையும் அவர் முன் வைத்தேன். கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். சமூக அறிவியல் ஆசிரியையைக் கூப்பிட்டனுப்பினார். அவர் வந்து தாள்களைப் பார்த்ததும் நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டார்.

"ஆன்சர் கீ அப்டிதாங்க சார் இருக்குது. இந்தப் பேப்பருக்கு இது, அந்தப் பேப்பருக்கு அது."

"நீங்க எதை நம்புறீங்க மிஸ்?"

"நான் எம்.ஏ., பி.எட்., சார். பிரதோஷத்துக்குத் தவறாம கோயிலுக்கும் போவேன். இத்தன வருஷமா ரெண்டும் எனக்குள்ள சண்ட போட்டதே இல்ல. சிவப்புப் பேனாவக் கையில குடுத்தப்பதான் போட்டுது."

அந்த அறையில் அன்று பேசப்பட்டவற்றில் படித்தவர் பேச்சு அது ஒன்றுதான். தாளாளருக்கு அது காதில் விழவில்லை.

"சார், ஒங்க சூளையில ரெண்டு மீட்டரு ரெண்டு சூடு காட்டுனா என்னா பண்ணுவீங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"ஒண்ணக் கழட்டிப் போட்டுருவேன். லோடு பூரா வெடிச்சிடாது?"

"இங்க?"

"அது பிசினஸ் சார். இது ஸ்கூலு" என்றார்.

சிரிக்காமல்தான் சொன்னார். ஃபியூஸில் மயிரிழை விரிசல் கண்டால் தனியே ஒதுக்கிப் போடுகிற மனிதர். உண்மை ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கண்டிப்பையெல்லாம் அவர் பீங்கானுக்கே செலவழித்துவிட்டார்; பிள்ளைகளுக்கு மிச்சமில்லை.

ஆனால் அவர் என்னை வெறுங்கையோடு அனுப்ப விரும்பவில்லை. பத்திரிகையில் இருந்தவன் என்பது அவருக்குத் தெரியும். சற்று யோசித்துவிட்டு, சாலமன் தீர்ப்பு சொல்பவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மிஸ், ரெண்டு பேப்பர்லயும் ரெண்டு பதிலும் கரெக்டுன்னு போட்டுடுங்க. யாருக்கும் மனசு நோவ வேணாம்."

மறுநாள் காலை இறைவணக்கத்தில் அறிவித்தார்கள். என் மகளுக்கு இரண்டு மதிப்பெண் கூடியது. நாற்பதாவது இடத்திலிருந்தவன் இரண்டு தாளிலும் பழமலை எழுதிய பையன். அவனுக்கும் இரண்டு கூடியது. அவள் நாற்பத்தொன்றிலேயே நின்றாள். ஒரு மதத்துக்கும் ஒரு விஞ்ஞானத்துக்கும் ஒரே நாளில் சமாதானம் செய்துவைத்த ஊர் எங்களுடையது. பலன்தான் யாருக்கும் இல்லை.

மகள் பி செக்‌ஷனுக்குப் போனாள். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. நான் போய்க் கேட்டதில்தான் அந்தப் பையனுக்கும் மதிப்பெண் கூடியது என்பது அவள் வாதம். அதில் பிழை காண முடியவில்லை.

அரையாண்டுக்குப் பிறகு இன்னொரு முறை பிரிப்பார்கள். அந்த மூன்று மாதம் அவள் வாழ்வியல் நெறிப் புத்தகத்தோடு மொட்டைமாடியில் நடந்துகொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது படுகிறது. எனக்கும் அந்த ஏ செக்‌ஷன் வேண்டியிருந்தது.

ஜனவரியில் தாள்கள் வந்தன, கையெழுத்துக்கு. அறிவியலில் ஒரு கேள்வி, உங்கள் ஊர் நீர்நிலை ஒன்றின் நிலையை விவரி என்று. மணிமுத்தாற்றில் சாக்கடை எந்தெந்த இடத்தில் கலக்கிறது, அதில் இறங்கினால் என்னென்ன நோய் வரும் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாள். நான் திருத்த ஒரு சொல் இல்லை. ஐந்துக்கு ஐந்து. வாழ்வியல் நெறியில், மணிமுத்தாற்றில் நீராடுவதன் பயன்களை எழுதுக. அங்கும் ஒரு பக்கம். சகல பாவங்களும் தீரும், பிணிகள் அகலும் என்று அதே முத்து முத்தான கையெழுத்து. அங்கும் ஐந்துக்கு ஐந்து. மொத்தத்தில் இருபத்தாறாவது இடம்.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்: "ஏம்மா, ஆத்துல குளிச்சா நோவு போவுமா, வருமா?"

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எந்தப் பேப்பருக்குப்பா கேக்குற?" என்றாள்.

கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை ஏ செக்‌ஷனில் அவளுக்குத் தோழியின் பக்கத்திலேயே இடம் கிடைத்தது.