குதிரைமலையில் அம்மா கூப்பிட்ட பெயர்

சிவப்புப் பாறைகளைப் பார்ப்பதற்கென்றே மனிதர்கள் விமானம் ஏறிப் பாலைவனத்துக்குப் போகிறார்கள் என்று மகள் கைத்தொலைபேசியில் படங்களைக் காட்டினாள். தொப்பியும் தடியுமாக நடக்கிறார்கள். எங்களுக்கு அப்படியொரு மலை வள்ளத்தில் போகிற தூரத்திலேயே இருந்தது என்றேன். அவள் நம்பவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. தாழ்வுபாட்டிலிருந்து தெற்கே, சிலாவத்துறையையும் தாண்டிப் போனால் குதிரைமலை வரும். தொழிலுக்குப் போகும்போது தூரத்தில் அதைக் கண்டுவிட்டு வந்து சித்தப்பா அளப்பார். காலையில் செங்கல், பின்னேரம் நெருப்பு என்பார். பாஸ்குப் பெருநாள் முடிந்த கிழமை, கடல் அசையாமல் கிடந்த ஒரு நாளில், அப்பா வலைகளை இறக்கிக் கரையில் போட்டுவிட்டு எங்களை வள்ளத்தில் ஏற்றினார். வலை இல்லாமல் அவர் கடலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. அம்மா, நான், நாலு வயதுத் தம்பி, இஞ்சினடியில் சித்தப்பா.

கரை மணலே செம்பு நிறமாக இருந்தது. மேலே செம்மண்ணும் கல்லும் முள்ளுப் பற்றைகளும்தான். சித்தப்பா வள்ளத்தோடு நின்றுகொண்டார். பாதி ஏறுவதற்குள் தம்பியின் காலில் முள் ஏறிவிட்டது. முள்ளை எடுத்த பிறகும் நடக்கமாட்டேன் என்று அழுதான். ஒரு பற்றையின் நிழலில் அம்மா அவனோடு இருந்துவிட்டார். அப்பா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு உச்சிக்கு ஏறினார்.

மேலே நின்று பார்த்தால் எல்லாப் பற்றையும் ஒன்றுபோலவே தெரிந்தது. அப்பா கவலைப்படவில்லை. சரிவின் நடுவே தனியாக நின்ற ஒரு கல்லைக் காட்டினார். “அந்தக் கல்லும் எங்கட வள்ளமும் ஒரு நேரில நிக்குதெல்லே? அந்த நேர் பிடிச்சு இறங்கினால் அம்மாட்டப் போய் நிப்பம்.” கடலில் அவர் வழி கண்டுபிடிப்பது அப்படித்தான். கோயில் கோபுரத்தையும் ஒரு பனையையும் நேராக்கி, விட்ட இடத்திலேயே வலையைப் போய் எடுப்பார். ஆனால் கோபுரமும் பனையும் தரையில் நிற்பவை. தரையில் நின்ற அன்றைக்கு, கடலில் மிதப்பதைக் குறி வைத்துவிட்டார்.

அவர் மறுபக்கத்துக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது காற்று மாறியது. சித்தப்பா நங்கூரத்தைத் தூக்கி, வள்ளத்தைக் காற்றுப் படாமல் முனையின் ஒதுக்குக்குக் கொண்டுபோனார். நான் அதைப் பார்த்தேன். சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்க முடியாது என்று நினைக்கிற பிள்ளை நான்.

கல்லையும் வள்ளத்தையும் நேராக்கி இறங்கினோம். வந்து சேர்ந்த இடம் ஒரு பள்ளம். அம்மாவும் இல்லை, தம்பியும் இல்லை. அப்பா கூவிப் பார்த்தார். காற்று எதிரே வந்ததால் குரல் எங்கள் முதுகுப் பக்கமே போனது. அடுத்த பற்றை, அதற்கடுத்த பற்றை என்று தேடினோம். ஓரிடத்தில் கறையான் புற்றொன்று உடைந்து கிடந்தது. உள்மண் இன்னும் ஈரமாக இருந்தது. அப்பா அதைக் குனிந்து பார்த்துவிட்டு என் கையை இறுக்கிப் பிடித்தார். கரடி கிண்டிய புற்று அப்படித்தான் இருக்கும் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

“அப்பா, வள்ளம் முந்தி அங்க நிக்கேல்ல.”

“என்ன?”

“சித்தப்பா இடம் மாத்தினவர்.”

“எப்ப கண்டனீ?”

“மேல நிக்கேக்க.”

“கண்டிட்டு ஏன் பிள்ளை சொல்லேல்ல?”

அப்பா ஏசவில்லை. அசையாமல் நின்று, எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசித்தார். எங்கள் காலடியில் கல் நொறுங்குகிற சத்தம் நின்ற பிறகுதான் அந்தக் குரல் கேட்டது. ஒரு பெண்குரல், அப்பாவின் பெயரைக் கூப்பிட்டது. கோயிலில் ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுதியிருக்கிற முழுப்பெயர். திரும்பவும் கூப்பிட்டது.

அம்மா ஒருநாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை; ‘இஞ்சாருங்கோ’ என்றுதான் அப்பாவைக் கூப்பிடுவார். யாராவது கேட்டால்கூட என்னைக் கொண்டுதான் சொல்விப்பார். அது அம்மாவின் குரல்தான் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அம்மா ஒரு கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். தலைமுடி அவிழ்ந்து, தொண்டை அடைத்துப்போயிருந்தது. கீழே தம்பி, எங்கள் எல்லோருக்குமாகக் கட்டிக்கொண்டு வந்த புட்டை ஒருவனாகத் தின்றுகொண்டிருந்தான். நான் அவன் பக்கத்தில் போய் இருந்துவிட்டேன்.

“எத்தினை தரம் இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ எண்டு கத்தினனான்,” என்றார் அம்மா, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல்.

“இந்தக் காட்டில இஞ்சாருங்கோ எண்டால் ஆரை எண்டு நான் நினைக்கிறது?” என்றார் அப்பா. அவருக்கு மூச்சு வாங்கியது.

கீழே போனதும் அப்பா சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டார். “உன்னை ஆர் வள்ளத்தை மாத்தச் சொன்னது?”

“காத்து மாறினால் கல்லில அடிச்சு உடைய விடச் சொல்லுறியளோ அண்ணை? வள்ளத்தைக் குறி வைச்சு மலை ஏறினதை ஊரில சொல்லிப்போடாதேங்கோ. பெடியள் சிரிப்பாங்கள்.”

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வள்ளம் புறப்பட்டது. மலை நெருப்பு நிறமாக மாறியதைச் சித்தப்பா காட்டினார். யாரும் சரியாகப் பார்க்கவில்லை. பெயர் சொன்னதற்காக அம்மாவுக்கு ஏச்சு விழுமோ என்று நான் பயந்தபடியே வந்தேன். அப்பா ஏசவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஊர் தெரியத் தொடங்கியபோது அப்பா திரும்பி, “என்ன, கூப்பிட்டனீரோ?” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா இல்லையென்று தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதையே கேட்டார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். பாவம், இஞ்சின் சத்தத்தில் அப்பாவுக்குக் காது பழுதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.