இரண்டு வண்டிக்கு ஒரே ஆள்

சின்னவளைத்தான் முதலில் எழுப்புவார். சாவியைத் திருகியதும் இன்ஜின் ஒரு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். உடனே இறங்கி வந்து, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதைப்போல அதன் நெற்றியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். பிறகு அதை அணைத்துவிட்டுப் பெரியவளிடம் போவார். பெரியவள் லேசில் எழுந்திருக்க மாட்டாள். "எந்திரிம்மா. ஊரே எந்திரிச்சாச்சு, உனக்கு மட்டும் என்ன?" என்று அவர் கெஞ்சுவது தெருவுக்கு இந்தப் பக்கம் என் தையல் மெஷின் வரைக்கும் கேட்கும்.

சின்னவள் ஆம்புலன்ஸ். பெரியவள் தீயணைப்பு வண்டி. இரண்டும் ஒரே ஷெட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டுக்கும் ஓட்டுநர் அவர் ஒருவர்தான். அதனால் எங்கள் ஊரில் அவருக்கு ரெண்டு பொண்டாட்டிக்காரர் என்று பேர். முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. காய்கறிக் கடையில் யாராவது அவர் மனைவியைச் சீண்டினால், "நான் மூணாவதுங்க. சமைச்சுப் போடுறதோட என் உரிமை முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போவார்.

ஆள் குள்ளம். பெரியவளை ஓட்டும்போது இருக்கையில் கம்பளியை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தால்தான் ரோடு தெரியும். எந்த நேரமும் ஷூ போட்டிருப்பார். சாப்பாட்டை நின்றபடியே, தொலைபேசி இருக்கும் பக்கமாகத் திரும்பிக்கொண்டு சாப்பிடுவார். ஒரு தடவை முடிவெட்டிக்கொண்டிருந்தபோது மணி அடித்துவிட்டது. பாதித் தலையோடு எழுந்து ஓடியவர், மறுநாள்தான் மீதியை வெட்டிக்கொண்டார். "நல்லவேளை, நீங்க ஷேவிங்குக்கு வரல" என்றாராம் முடிவெட்டுகிறவர். மகளின் கல்யாண போட்டோ அவர்கள் வீட்டுச் சுவரில் பெரிதாக மாட்டியிருக்கிறது. அதில் அவர் இல்லை. அந்த நேரத்தில் ஒரு கிணற்றில் விழுந்தவரை மேலே தூக்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் முதலில் இருந்தது ஒரு தள்ளுவண்டி. அதில் வாளிகளும் ஒரு ஏணியும் இருக்கும். தீ என்றால் கடைக்காரர்கள் சேர்ந்து தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். சில நேரம் அது போய்ச் சேருவதற்குள் தீ தானாகவே அணைந்திருக்கும். எரிய ஒன்றும் மிச்சமிருக்காது. பிறகு பெரிய ஊர் ஒன்று புது வண்டி வாங்கியபோது, கழித்துப்போட்ட பழையதை எங்களுக்குக் கொடுத்தது. லாரியில் கிளீனராக இருந்த இவர் அதற்கு ஓட்டுநரானார். இன்னும் சில வருடங்கள் கழித்து, செத்துப்போன ஒரு டாக்டரின் பிள்ளைகள் அவர் நினைவாக ஆம்புலன்ஸ் வாங்கித் தந்தார்கள். அதற்கு ஒரு நர்ஸ் வந்தார். ஓட்டுநர் மட்டும் வரவில்லை. "அங்கதான் ஏற்கெனவே ஒரு டிரைவர் இருக்காரே" என்றது தலைமை அலுவலகம். ஆள் போடுகிறவரைக்கும் தற்காலிக ஏற்பாடாக இரண்டையும் அவரே ஓட்டட்டும் என்றார்கள். அப்போது அவர் மகள் பிறக்கவில்லை. இப்போது அவளுக்கே குழந்தை இருக்கிறது.

ஒரே ஆள் என்பதால் ஒரு விதி வேண்டியிருந்தது. இரண்டு அழைப்பும் ஒன்றாக வந்தால் தீதான் முதலில். தீ பரவும், நோய் அப்படிப் பரவாது என்பது அலுவலகத்தின் கணக்கு. இந்த விதியைப் பள்ளிக்கூடத்திலும் கடைத்தெருவிலும் போய்ச் சொன்னவர் அவரேதான். "தீன்னு சொன்னா போட்டது போட்டபடி வந்துருவேன். ஒடம்புக்கு முடியலன்னா, நான் தீக்குப் போயிருந்தா கொஞ்சம் பொறுத்துக்கணும். ஒருத்தன் ரெண்டா கிழிய முடியாது பாருங்க" என்பார். ஜனங்களும் பழகிக்கொண்டார்கள். பெரியவள் ஷெட்டைவிட்டுக் கிளம்பினால், நிறைமாதப் பெண் இருக்கிற வீட்டில் எல்லோரும் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். "இன்னைக்கு எங்கயும் தீ இல்லையே, அண்ணே?" என்று காலையிலேயே வந்து கேட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. என்னவோ தீ அவரிடம் சொல்லிவிட்டு வருவதைப்போல. "இதுவரைக்கும் தகவல் இல்ல" என்று அவரும் சிரிக்காமல் பதில் சொல்வார்.

தெருக்கோடியில் சைக்கிள் கடை வைத்திருப்பவருக்கும் அந்த விதி நன்றாகத் தெரியும். அவர் மனைவிக்கு ஆஸ்துமா. ஒரு மழைக்காலத்தில் அந்த அம்மாவுக்கு மூச்சு முட்டிக் கூப்பிட்டபோது, ஓட்டுநர் குப்பைமேட்டுத் தீயை அணைக்கப் போயிருந்தார். ஆம்புலன்ஸ் ஷெட்டில் சும்மா நின்றது. நர்ஸ் வெளியே வந்து, "நான் இருக்கேன், மருந்து இருக்கு, வண்டியும் இருக்கு. ஓட்டத்தான் ஆளில்லை" என்று ரோட்டில் போகிற வருகிறவர்களிடம் கெஞ்சியதை நான் பார்த்தேன். கடைசியில் பால் ஏற்றிப்போகும் வண்டியில் வைத்துக்கொண்டு போனார்கள். அந்தத் தடவை பிழைத்துக்கொண்டாள்.

அடுத்த தடவை, போன கோடையில், நல்ல வெயில் நேரத்தில் அவளுக்கு மறுபடியும் வந்தது. சைக்கிள் கடைக்காரர் போனை எடுத்து, "கடையில தீ" என்று சொல்லிவிட்டார்.

சொன்னபடி போட்டது போட்டபடி வந்தார் ஓட்டுநர். மணியடித்துக்கொண்டு, தொட்டி நிறையத் தண்ணீரோடு பெரியவளில் வந்தார். தண்ணீர்க் குழாயைப் பிடிக்க அவரோடு போகிற குழாய்க்காரர் குதித்து இறங்கி அதை வாசல்வரை இழுத்துவிட்டார். புகையைக் காணோம். தரையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தாள். உதடு நீலமாகியிருந்தது. "தீன்னு சொன்னாதானே வருவீங்க" என்றார் கடைக்காரர். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. விதியைச் சரியாகப் படித்துவைத்திருக்கும் மாணவனைப்போலச் சொன்னார். அன்றைக்கு ஊரில் எங்கேயும் தீ இல்லை. சின்னவள் நர்ஸோடும் ஆக்சிஜனோடும் ஷெட்டில் தயாராக நின்றுகொண்டிருந்தாள்.

திரும்பிப் போய் வண்டி மாற்றி வருவதா, இருக்கிற வண்டியிலேயே கொண்டுபோவதா? இரண்டு பேரும் அவளைத் தூக்கினார்கள். அந்த வண்டியின் படி ஆள் இடுப்பு உயரம். உள்ளே படுக்க வைக்க இடமில்லை. நடுவில் உட்கார வைத்துக் குழாய்க்காரர் பிடித்துக்கொண்டார். ஷெட்டு வாசலில் நிறுத்தி ஆம்புலன்ஸுக்கு மாற்றலாம் என்று எங்கள் தெரு வழியாகத்தான் வந்தார்கள். ஆனால் நிறுத்தியபோது மாற்ற வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நர்ஸ் ஏறிப் பார்த்துவிட்டு, கொண்டுபோன ஆக்சிஜனோடு அப்படியே இறங்கினார். ஓட்டுநர் இன்ஜினை அணைக்கவே இல்லை. வெகுநேரம் அது ஓடிக்கொண்டே இருந்தது.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். பொய்யாகத் தீ என்று கூப்பிடுவது குற்றம், அதற்குச் சிறையும் உண்டு. யார் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டார். ஓட்டுநர் முந்திக்கொண்டு, "சரியாத்தான் சொன்னாங்க சார். நான்தான் அவசரத்துல வண்டிய மாத்தி எடுத்துட்டேன்" என்றார். குழாய்க்காரர் வாயைத் திறக்கப் போனபோது அவர் காலை மிதித்தார் என்று பிறகு குழாய்க்காரரே சொன்னார். எங்கள் தெருவில் எல்லோருக்கும் உண்மை தெரியும். யாரும் பேசவில்லை. சைக்கிள் கடைக்காரருக்கும் தெரியும். அன்றிலிருந்து அவரால் ஓட்டுநரை நேராகப் பார்க்க முடியவில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போன மாதம் அதே அதிகாரி மறுபடியும் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. டீயை வாங்கிக் குடித்தார், வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு சொன்னார்: "ரெண்டு வண்டி இருக்கறதாலதானே மாத்தி எடுத்தீங்க? ஒரு டிரைவருக்கு ஒரு வண்டிதான்னு முடிவு பண்ணிட்டாங்க. எது இருக்கணும்னு நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத்தான் ஊரைத் தெரியும்."

"சார், இன்னொரு டிரைவர் கேட்டிருந்தோமே."

"அதுக்குத்தான் இந்தத் தீர்வு."

அந்த வாரம் முழுக்க ஷெட்டு வாசலில் கூட்டம். மரம் அறுக்கும் மில் முதலாளி வந்து, "தீ புடிச்சா தெருவே போகும். நோய் வந்தா ஒருத்தர்தானே போவாங்க. யோசிச்சுப் பேசுங்க" என்றார். வயிறு பெருத்த மகளைக் கையோடு கூட்டிவந்த ஒரு பெண், "இவள ஒருத்தின்னு கணக்கு வெப்பீங்களா, ரெண்டுன்னா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். மில் முதலாளி வேறு பக்கம் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஓட்டுநர் தலையாட்டினார். சாயங்காலம் அவர் மனைவி சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, "எவளைத் தள்ளிவைக்கப் போறீங்க?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார், ஆனால் குரல் அப்படி முடியவில்லை.

"நீ சொல்லேன்."

"நான் சொல்ல மாட்டேங்க. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா அது என் தலையில விடியும்."

"என் தலையில விடிஞ்சா பரவாயில்லையா?"

"உங்களுக்குப் பழகிப்போச்சு."

மறுநாள் அவர் ஆம்புலன்ஸ் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். ஏன் என்று நர்ஸ் கேட்டதற்கு, "தீக்கு நாலு பேர் வாளி தூக்கலாம்மா. மூச்சுக்கு எதைத் தூக்கறது?" என்றார். மரமில் முதலாளி அதற்குப் பிறகு அவரோடு பேசுவதில்லை. ஜனங்கள் தெருவுக்குத் தெரு வாளி வாங்கி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். தள்ளுவண்டிக் காலத்துக்கே திரும்பிவிட்டோம் என்று குழாய்க்காரர் சிரித்தார். அவரையும் வண்டியோடு மாற்றிவிட்டார்கள். தன் படுக்கையைச் சுருட்டி ஏணிக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அப்படிச் சிரித்தார்.

வண்டியைக் கொண்டுபோக அலுவலகத்திலிருந்து யாரும் வரவில்லை. ஆள் இல்லையாம். "நீங்களே கொண்டாந்து விட்டுட்டு பஸ்ஸுல திரும்பிடுங்க" என்று போனில் சொல்லிவிட்டார்கள். போய்வர ஒரு நாள் ஆகும். அதுவரைக்கும் ஆம்புலன்ஸை ஓட்ட ஊரில் ஆளில்லை. அதையும் அவர் சொல்லிப் பார்த்தார். ஒரு நாள்தானே என்றார்களாம்.

இன்று காலை பெரியவள் முதல் திருகலிலேயே எழுந்துவிட்டாள். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. குழாய்க்காரர் ஏறி உட்கார்ந்து காத்திருக்க, அவர் மட்டும் தெருமுனைக்கு நடந்துபோய், அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டத் தொடங்கினார்.

"வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா? யாருக்காச்சும் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல்? சாயங்காலம் வரைக்கும் நான் இருக்க மாட்டேன். ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லுங்க, கொண்டுபோய்ச் சேத்துட்டுப் போறேன்."

சிலர் சிரித்தார்கள். ஒரு பெரியவர், "சாயங்காலத்துக்குள்ள சாக மாட்டேன், போய்யா" என்றார். நிறைமாதப் பெண்ணின் வீட்டில் கதவைத் திறந்தவள் உள்ளே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். என் கதவுக்கு வந்தபோது, "தங்கச்சி, உனக்கு?" என்றார். நான் ஒன்றுமில்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

சைக்கிள் கடை முன்னால் கொஞ்சம் தயங்கினார். கடைக்காரர் சக்கரம் கோத்துக்கொண்டிருந்தார். கேள்வி வாய்வரை வந்து நின்றதை நான் இங்கிருந்தே பார்த்தேன். அதற்குள் கடைக்காரரே நிமிர்ந்து, பல மாதங்களுக்குப் பிறகு ஓட்டுநரின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"எங்க வீட்ல யாரும் இல்லண்ணே. நீங்க போய்ட்டு வாங்க."

 ஓட்டுநர் அடுத்த வாசலுக்குப் போனார். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. குடியிருந்தவர்கள் வேறு ஊருக்குப் போய் வெகுநாள் ஆகிவிட்டது. சாமான்களை ஏற்ற உதவி செய்தவரே அவர்தான். பூட்டுக்குப் பக்கத்தில் விரலை மடக்கித் தட்டினார். தட்டிவிட்டு, காதைக் கதவோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார்.