அட்டைப்படத்துச் சால்மன்

எங்கள் அண்ணனின் முதலாண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். அட்டையில் அண்ணன் இரு கைகளாலும் ஏந்தி நிற்கும் மீனைப் பார்த்திருப்பீர்கள். அந்த மீனை அண்ணன் பிடிக்கவில்லை. வேறு படம் போடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் இவ்வளவு மலர்ந்திருக்கும் படம் வேறு கிடையாது என்று அண்ணி ஒரே பிடியாக நின்றுவிட்டார். படம் அவர் விருப்பப்படி, கட்டுரை என் விருப்பப்படி என்று பேசி முடித்தோம்.

அண்ணன் பிறந்தது நீலசந்திராவில். வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்தக் கன்னட நாட்டுக்குக் கட்டட வேலைக்கு வந்த எங்கள் அப்பா, அண்ணன் பத்தாவது முடிக்கும் முன்பே காலமாகிவிட்டார். அண்ணன் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து அம்மாவைக் காப்பாற்றினார், என்னைப் படிக்க வைத்தார், கல்யாணமும் செய்து கொடுத்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது. வேண்டிய நேரத்திலும் வராது. தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரத்தின்போது சிலர் வந்து கதவைத் தட்டி, யார் என்று கேட்டார்கள். அண்ணனுக்குக் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. அந்தக் கன்னடத்திலேயே, நாங்கள் தமிழர்கள் என்று சொல்லிவிட்டார்! பக்கத்து வீட்டுக் கன்னட அம்மா ஓடிவந்து, இவர்கள் எங்கள் வீட்டு மனிதர்கள் என்று அவர்களைத் திட்டி அனுப்பியதால் பிழைத்தோம். அன்று அண்ணி அண்ணனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு தூண்டில். ஞாயிற்றுக்கிழமைகளில் மைதா உருண்டையும் கையுமாக ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துவிடுவார். கம்ப்யூட்டர் வேலைக்கு ஸ்காட்லாந்து போன மகன், ஒரு கோடையில் அப்பா அம்மாவை அங்கே அழைத்தான். அவன் இருந்த ஊருக்குப் பக்கத்தில் சால்மன் மீன் ஏறிவரும் ஆறு. ஒரு நாள் டிக்கெட் வாங்கினால் ஆற்றின் ஒரு பகுதியில் இறங்கித் தூண்டில் வீசலாம். அண்ணி குளிருக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டார். மகன் டிக்கெட் வாங்கி, மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டையை மாட்டிவிட்டு அண்ணனைத் தண்ணீரில் இறக்கினான்.

அங்கே புழு கூடாது, மாவு கூடாது, இறகு கட்டிய கொக்கி மட்டும்தான். ஒருமுறை வீசினால் ஓரடி கீழே நகர்ந்து, பின்னால் வருகிறவருக்கு இடம் விட வேண்டும். பிடித்த மீனை உயிரோடு திரும்ப விட்டுவிட வேண்டும். போதாக்குறைக்கு, ஆற்றுக்குள் வந்த சால்மன் இரை எடுக்காதாம். "பசிக்காத மீனுக்கு என்னத்தடா காட்டுறது?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் நாள் முழுக்க வீசியிருக்கிறார். ஒன்றும் மாட்டவில்லை. சாயங்காலம் சற்றுத் தள்ளி நின்றிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவருக்கு மீன் மாட்டியது. கொக்கியைக் கழற்றியவர், வெறுங்கையோடு நின்ற அண்ணனைச் சைகை காட்டி அழைத்து மீனைக் கையில் கொடுத்தார். மகன் படம் எடுத்தான். அண்ணன் குனிந்து அதைத் தண்ணீரில் விட்டார். நடந்தது இவ்வளவுதான்.

ஊர் திரும்பியதும் அண்ணி அந்தப் படத்தைப் பெரிதாக்கி, ஈஜிபுரா வீட்டு ஹாலில் மாட்டினார். வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். "நான் புடிக்கலைங்க, கையில குடுத்தாங்க" என்பார் அண்ணன். "எவ்ளோ அடக்கம் பாருங்க!" என்பார்கள். மறுக்க மறுக்கப் பெருமைதான் கூடியது. மகனுக்கு போன் போட்டு, "நீயாவது சொல்லேன்டா" என்று கெஞ்சினார். "விடுங்கப்பா, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று அவன் சிரித்துவிட்டான்.

அடுத்து வந்த பொங்கல் விழாவில் எங்கள் பகுதித் தமிழர் மன்றம் அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தியது. மேடை ஏறும்போதே செயலாளரின் கையைப் பிடித்து, "அது நான் புடிச்ச மீன் இல்லீங்க" என்றிருக்கிறார். செயலாளர் மைக்கைப் பிடித்து, "கடல் கடந்து போய் மீன் பிடித்தும், பிடிக்கவில்லை என்று சொல்லும் பண்பாளர்!" என்று முழங்கினார். கைதட்டல் அடங்கவில்லை. அண்ணனிடம் மைக்கை நீட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. "அன்னிக்குக் கதவைத் தட்டுனவன்கிட்ட உண்மையைச் சொன்ன வாய், இன்னிக்குக் கை தட்டுறவங்ககிட்ட தொறக்கலையேம்மா. மானம் போகுது" என்றார் என்னிடம்.

"சும்மா இருங்கண்ணா. படத்துல மீன் உங்க கையிலதானே இருக்கு?" என்றேன் நான்.

அதன்பின் ஏரிக்கரையிலும் நிம்மதி போனது. புதிதாகத் தூண்டில் வாங்கியவர்கள், "ராசியான கை, தொட்டுக் குடுங்க" என்று கொண்டுவந்து நீட்டினார்கள். அண்ணன் போவதையே விட்டுவிட்டார். வயசாகிவிட்டது, அலுத்துவிட்டது என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் மன்றத்துச் செயலாளர் பார்க்க வந்தார். நல்ல மனிதர், பழம் வாங்கி வந்திருந்தார். போகும்போது அங்கே இருந்த நர்ஸிடம், "இவரு யாரு தெரியுமா? ஸ்காட்லாந்துல மீன் புடிச்சவரு!" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெண் டிரிப்ஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டே, "ஹௌதா அங்கிள், நெஜமாவா? நீங்களா புடிச்சீங்க?" என்றாள்.

"இல்லம்மா. வேற ஒருத்தர் புடிச்சு என் கையில குடுத்தாரு."

"ஓ, சரி. அப்புறம் மீன் என்னாச்சு?"

"தண்ணியில விட்டுட்டேன்."

"நல்லதாச்சு அங்கிள்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள். அண்ணன் அவள் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்பிடுச்சும்மா அந்தப் பொண்ணு" என்றார். கண்ணோரம் நீர் வழிந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெளியே வந்து அண்ணன் மகனுக்கு போன் போட்டுக் கேட்டேன். மேலே ஆற்றங்கரையில் நடந்ததாக எழுதியிருப்பது எல்லாம் அவன் அப்போது சொன்னது. பொய்யே பேசாதவர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நான், அவர் சொன்ன உண்மையை அதுவரை ஒரு நாளும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெட்கமாக இருக்கிறது. அதே வாரம் அண்ணன் போய்விட்டார்.

ரத்தம் கொடுத்தவர்களுக்கும், மயானம் வரை வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நர்ஸாக இருந்த அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. இந்த மலரை அவளுக்கு எங்கே அனுப்புவது என்றும் தெரியவில்லை. எங்கள் அண்ணனை அவளுக்கு இரண்டு நாள்கூடத் தெரியாது. அவர் சொன்னதை அவள்தான் நம்பினாள்.